எண்பதைத் தாண்டாத கார்

"சும்மா ஒரு கையெழுத்துதான் அத்தை."

"நீங்க சும்மான்னு சொன்னாலே எனக்குச் சந்தேகம் வருது மாப்பிள்ளை. சும்மா நாலு நாள் ஒரு காரை நிறுத்திக்கறேன்னு சொல்லித்தான் என் கொட்டகைக்குள்ள நுழைஞ்சீங்க. இன்னிக்கு அங்க அறுபது பேர் வேலை பார்க்கறாங்க."

மாப்பிள்ளை சமையலறை மேசையில் இருந்த பிஸ்கட்டை எடுத்து, கடிக்காமல், திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். காரியம் ஆக வேண்டியிருந்தால் அவர் எதையும் தின்ன மாட்டார். மாமியாருக்கு இது தெரியும். ஓய்வு பெறும்வரை சொந்தமாக ஒரு பள்ளிக்கூடப் பேருந்து வைத்து, தானே ஓட்டி, தெருத் தெருவாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர் அவர். யார் எதற்காக முகத்தைத் தொங்கப் போடுகிறார்கள் என்பதைப் பின்னால் பார்க்கும் கண்ணாடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

"உலகத்துலயே வேகமான காரைப் பண்ணிட்டீங்கன்னு உங்க பொண்டாட்டி எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறா. அப்புறம் என்ன?"

"பண்ணிட்டேன். சங்கம் ஒத்துக்கணுமே."

"எந்தச் சங்கம்?"

"வேகச் சங்கம். அவங்க எழுதினாத்தான் சாதனை. ஒரே ஒரு காரைப் பண்ணிப் பறக்கவிட்டா அது பந்தய வண்டி, அதுக்கு வேற பட்டியல். இது உற்பத்திக் கார் பட்டியல். யாரு வேணும்னாலும் வந்து வாங்கற மாதிரி முப்பது காராவது பண்ணியிருக்கணும். முப்பதும் வித்திருக்கணும்."

"வித்தாச்சா?"

"ஒண்ணு நிக்குது."

"ஏன்?"

"வாங்கறேன்னு சொன்னவர் பின்வாங்கிட்டார். மஞ்சள் கலர் அவர் வீட்டு வாசக் கதவோட ஒத்துப்போகலையாம்."

அத்தை சிரிப்பை அடக்க வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டார்.

"அதனால, பட்டறை இருக்கற இடத்தை என் பேருக்கு எழுதிக் குடுங்க. காரை உங்க பேருக்கு எழுதறேன். ரெண்டும் சரிக்குச் சரி. சங்கத்துக்காரங்க கேட்டா, நீங்க வாடிக்கையாளர்னு சொன்னாப் போதும்."

"அப்போ கார் எனக்கு."

"காகிதத்துல உங்களுக்குத்தான் அத்தை."

"இடத்தையும் காகிதத்துல மட்டும் எழுதித் தரட்டுமா?"

மாப்பிள்ளை பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "இல்ல இல்ல. கார் உங்களுக்கேதான். ஆனா ஒரே ஒரு நாள் எனக்குக் கடன் தரணும். சங்கம் பார்க்கற அன்னிக்கு ஓடற கார், வாடிக்கையாளர் கையில இருக்கற காரா இருக்கணும். நாங்க சோதனைக்கு வெச்சிருக்கற கார் செல்லாது."

"மத்தவங்க இருபத்தொன்பது பேரும் தர மாட்டாங்களா?"

"ஒருத்தர் கூடத்துல கண்ணாடிப் பெட்டி கட்டி உள்ள வெச்சிருக்கார். ஒருத்தர் சீட்டுமேல ஒட்டின பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கல. யாரைக் கேட்டாலும், ஓட்டினா டயர் தேயும்கறாங்க."

"வண்டிய வாங்கிட்டு ஓட்டாம எதுக்கு வெச்சிருக்காங்க?"

"பார்த்துட்டு இருக்காங்க."

"அட கிரகமே" என்றார் அத்தை. கையெழுத்துப் போட்டார்.

காரை ஒப்படைக்கும் வேலை மகளுடையது. பட்டறையில் கணவர் கார் செய்வார், மனைவி விற்பார். ஒப்படைக்கும் முன் வாடிக்கையாளரை உட்காரவைத்து, காரில் எது எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டு, அதன்படி மாற்றிக் கொடுப்பது அங்கே வழக்கம். அம்மாவாக இருந்தாலும் மகள் விடவில்லை. எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தாள்.

"இருக்கை உயரம்?"

"தெரு தெரியணும். இப்போ தரையில உக்காந்து முறத்துல புடைக்கற மாதிரி இருக்கு."

"சரி, ஏத்திடறேன். அடுத்தது..."

"பக்கக் கண்ணாடி எங்கடி? பின்னாடி யாரு வர்றாங்கன்னு எப்படிப் பார்க்கறது?"

"கண்ணாடி வெச்சா காத்து தடுக்கும்மா. கேமரா இருக்கு. அதுவுமே தேவையில்லைன்னு உன் மாப்பிள்ளை சொல்றார். இந்தக் காருக்குப் பின்னாடி யாராலயும் வர முடியாதாம்."

"நான் ஓட்டறப்போ வருவாங்க."

மகள் பேனாவைக் கடித்துக்கொண்டாள். "வேகக் கட்டுப்பாடு. எவ்வளவு மிதிச்சாலும் கார் அந்த வேகத்துக்குமேல போகாது. நானூறா, நானூத்தம்பதா, இல்ல கட்டுப்பாடே வேண்டாமா?"

"என் பஸ்ஸுல எவ்வளவு வெச்சிருந்தோம்?"

"அறுபது."

"இது புது வண்டி. எண்பது வெச்சுடு."

"எண்பதா?" மகளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "அம்மா, இந்தக் கார் முதல் கியர்லயே எண்பதைத் தாண்டிடும்."

"தாண்டாம இருக்கத்தானே வைக்கச் சொல்றேன்?"

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

"அவர் கேட்டாரா?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை ஓர் என்ஜினுக்குள் தலையை விட்டு அதோடு பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"கேக்கல" என்றாள் மகள், எண்பது என்று எழுதிக்கொண்டே.

அதன் பிறகு சில நாட்கள் மாப்பிள்ளைக்குத் தூக்கம் போனது. காரைப் போர்வை போர்த்தி அத்தை வீட்டிலேயே வைத்திருப்பார் என்று அவர் நினைத்திருந்தார். அத்தையோ அதில் காய்கறிக் கடைக்குப் போனார், பல் வைத்தியரிடம் போனார், தையற்காரியிடம் ரவிக்கை வாங்கப் போனார். இறக்கை மாதிரி மேலே திறக்கும் கதவு காய்கறிக் கடைப் பந்தலைத் தூக்கிவிட்டதால், கடைக்காரர் கார் வரும்போதெல்லாம் பந்தலைச் சுருட்டக் கற்றுக்கொண்டார். தெருவில் பின்னால் வந்த ஒரு சைக்கிள்காரர் வழி கேட்டு மணி அடித்தாராம். அத்தை ஒதுங்கி வழிவிட்டாராம்.

"அத்தை, டயர்!" என்றார் மாப்பிள்ளை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"நீங்களும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்காரரோட சேர்ந்துட்டீங்களா?"

சோதனை நாள் வந்தது. விமானங்கள் வராமல் போன ஒரு பழைய ஓடுதளம். இந்த முனையில் நின்றால் அந்த முனை கண்ணுக்குத் தெரியாது. சங்கத்துக்காரர் வந்திருந்தார். மெலிந்த மனிதர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சிரிப்பதற்குச் சங்கத்தில் அனுமதி வாங்க வேண்டும் போலிருந்தது அவர் முகம்.

அந்த ஓடுதளம் அன்று ஒரு நாளைக்குத்தான் கிடைத்திருந்தது. அடுத்த வாரம் அதே இடத்தை எதிர்க் கம்பெனிக்காரர்கள் எடுத்திருந்தார்கள். நானூற்றுத் தொண்ணூறு என்ற சாதனை ஏற்கெனவே அவர்களுடையது. அதை இன்னும் ஏற்றப் போவதாகப் பேச்சு. இன்று விட்டால் மாப்பிள்ளையின் எட்டு வருட உழைப்பு, "உலகத்திலேயே இரண்டாவது" என்று ஆகிவிடும். இரண்டாவதை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

காரை ஓட்டப் போகிறவள் பட்டறையின் சோதனை ஓட்டுநர். எந்த வேகத்திலும் இருக்கையை விட்டு அசையாமல் ஒட்டிக்கொண்டிருப்பாள் என்பதால் எல்லோரும் அவளைப் பல்லி என்றே கூப்பிட்டார்கள். டயரைச் சூடாக்க ஒரு சின்ன ஓட்டம் போய்விட்டுத் திரும்பி வந்தவள், தலைக்கவசத்தைக் கழற்றாமலே சொன்னாள்.

"சார், எண்பதுல நிக்குது."

"என்ன எண்பது?"

"எண்பது கிலோமீட்டர். அதுக்குமேல மிதிச்சா, சமத்துப் பிள்ளை மாதிரி அப்படியே போகுது."

மாப்பிள்ளை பட்டறை ஆட்கள் பக்கம் திரும்பினார். "எவன் அதைத் தொட்டது?"

"நான்தான்" என்றாள் மனைவி. "வாடிக்கையாளர் கேட்டாங்க."

"எந்த வாடிக்கையாளர்?"

"உங்க வாடிக்கையாளர். அதோ, நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்களே."

அத்தை கையசைத்தார்.

மாப்பிள்ளை கருவிப் பெட்டியை நோக்கி ஓடினார். சங்கத்துக்காரர் குறுக்கே நின்றார். "ஒப்படைச்சது ஒப்படைச்சபடிதான் ஓடணும். எதையாவது மாத்தணும்னா காரோட சொந்தக்காரங்க என் முன்னாடி வாயால சொல்லணும்."

"சொல்வாங்க சார், சொல்வாங்க. என் அத்தைதான்." மாப்பிள்ளை ஓட்டமும் நடையுமாக நாற்காலிக்கு வந்தார். "அத்தை, அந்த எண்பதை எடுத்துடலாம்னு இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"எடுத்தா எவ்வளவு போகும்?"

"ஐந்நூறு."

"யாரு உள்ள உக்காருவாங்க?"

"பல்லி."

"ஏம்மா, உனக்கு அப்பா அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா. எனக்குப் பயமெல்லாம் ஒண்ணும் இல்ல."

"உனக்கு இல்ல. பெத்தவங்களுக்கு இருக்கும். வண்டி என்னோடது, அதனால எனக்கும் இருக்கு." அத்தை மருமகன் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, இந்தக் காருல நீங்க எவ்வளவு வேகம் போயிருக்கீங்க?"

மனைவி ஓடுதளத்தில் முளைத்திருந்த புல்லை மிகவும் உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தாள். பட்டறை முழுக்கத் தெரிந்த விஷயம்தான், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த மனிதர் வேலைக்கு மிதிவண்டியில் வருவார். மனைவி காரோட்டினால் வளைவுகளில் கண்ணை மூடிக்கொள்வார். மின்தூக்கியில்கூட ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்வார்.

"ஒரு தடவை... ஐம்பது போனேன்" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க உக்காரப் பயப்படற வண்டியைத்தான் என் தலையில கட்டினீங்களா?"

"வண்டில ஒரு குறையும் இல்ல அத்தை! ஒவ்வொரு திருகும் என் கையால பார்த்தது. குறை என் வயித்துலதான்."

"அப்போ பக்கத்து இருக்கையில உக்காருங்க. நீங்க உக்காந்தா எண்பதை எடுக்கச் சொல்றேன். இல்லன்னா நான் இப்படியே காரை எடுத்துட்டு வீட்டுக்குப் போறேன். வழியில தையற்காரிகிட்ட வேலை இருக்கு."

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். "சொல்லேன் உங்க அம்மாகிட்ட!"

"வியாபார விஷயத்துல நான் வாடிக்கையாளர் பக்கம்தாங்க."

சங்கத்துக்காரரைப் பார்த்தார். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "பக்கத்துல ஆள் உக்காரக் கூடாதுன்னு விதி இல்ல" என்றார். ஒரு நொடி அவர் உதட்டோரம் துடித்த மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை ஓடுதளத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பலியாடு கூட அவ்வளவு யோசித்து நடக்காது. மேலே திறந்த கதவுக்குள் முதலில் ஒரு காலை விட்டார், பிறகு அதை வெளியே எடுத்தார், பிறகு பல்லி அவர் தோளை அழுத்தி உள்ளே திணித்தாள்.

"எண்பதை எடுத்துடுங்க" என்றார் அத்தை சங்கத்துக்காரரிடம், தெளிவாக.

காருக்குள் பேசுவது கம்பியில்லாக் கருவியில் இந்த முனைக்குக் கேட்கும். எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். கார் கிளம்பிய சத்தம் ஓடுதளத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அதற்கு நடுவே ஒரு குரல் நடுங்கி நடுங்கி வந்தது. "முன் அச்சு சரி... பின் அச்சு சரி... எரிபொருள் குழாய் சரி..."

"என்ன பண்றார்?" என்றார் அத்தை.

"பாகத்தோட பேரெல்லாம் சொல்றார்" என்றாள் மகள். "பயந்தா அதைத்தான் சொல்வார். கல்யாண மேடையிலயும் சொன்னார்."

"சார், கண்ணைத் திறங்க" என்றது பல்லியின் குரல்.

"திறந்துதான் இருக்கேன்!"

"அப்போ என் தோளைப் பிடிச்சிருக்கறது தெரியுதா? விடுங்க சார்."

பிறகு ஒரு நீண்ட "ஆ". அது எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த முனையிலிருந்து பல்லி சொன்னாள். "நின்னுட்டோம். என்ன வந்துச்சு?"

சங்கத்துக்காரர் தன் வேகமானியைப் பார்த்தார். "ஐந்நூற்று இரண்டு."

பட்டறை ஆட்கள் குதித்தார்கள். ஒருவர் தொப்பியை எறிந்தார், அது திரும்பி வந்து அவர் தலையிலேயே விழுந்தது. சங்கத்துக்காரர் கையை உயர்த்தினார்.

"பாதிதான் முடிஞ்சிருக்கு. ஒரு பக்கம் காத்து தள்ளியிருக்கலாம். அதே பாதையில திரும்பியும் வரணும். ரெண்டுக்கும் சராசரிதான் கணக்கு. ஒரு மணி நேரத்துக்குள்ள, அதே பாரத்தோட."

கருவியில் மாப்பிள்ளையின் குரல் மெதுவாக வந்தது. "அதே பாரமா? அதுல நானும் உண்டா?"

"உண்டு."

"நான் நடந்து வர்றேன்."

"மாப்பிள்ளை!"

"அத்தை, உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன். நீங்க சொன்னீங்க, உக்காந்தேன். இன்னொரு தடவை என்னால முடியாது. என் கால் ரெண்டும் எனக்குச் சொந்தமில்லாம போயிடுச்சு. சாதனை போனாப் போகட்டும்."

அதைக் கேட்டதும் இந்த முனையில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மகள் அம்மாவைப் பார்த்தாள். இப்போது அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

"எட்டு வருஷம்மா" என்றாள்.

அத்தை எழுந்து சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். "சார், அதே பாரம்னா அதே ஆளா, அதே எடையா?"

சங்கத்துக்காரர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். "எடைன்னுதான் போட்டிருக்கு."

"அப்போ வண்டியக் கிளப்பச் சொல்லுங்க. அந்த முனைக்குப் போகணும்."

மகளும் மற்றவர்களும் இந்த முனையிலேயே நின்றார்கள். வேன் அத்தையையும் சங்கத்துக்காரரையும் பட்டறை ஆட்கள் சிலரையும் அந்த முனைக்குக் கொண்டு சேர்த்தபோது, மாப்பிள்ளை காருக்குப் பக்கத்தில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பல்லி அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அத்தை இறங்குவதைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க எதுக்கு அத்தை..."

"உங்க இடத்துல நான் உக்காரறேன். எண்பதை எடுக்கச் சொன்னது நான்தானே?"

"ஐந்நூறு அத்தை!"

"கேட்டேன். காது நல்லாத்தான் இருக்கு."

சங்கத்துக்காரர் வேனிலிருந்து எடைப் பலகையை இறக்கித் தரையில் வைத்தார். முதலில் மாப்பிள்ளையைக் கைத்தாங்கலாக ஏற்றி, எண்ணைக் குறித்துக்கொண்டார். பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை பலகையைப் பார்த்தார். அதுவரை ஐந்நூறு கிலோமீட்டருக்கு அசையாத முகம் இப்போது அசைந்தது.

"இதுல நான் ஏறணுமா? இத்தனை பேர் முன்னாடியா?"

"விதி."

"என் வயசைக் கேளுங்க, சொல்றேன். எடை மட்டும் வேண்டாம்."

"நான் மட்டும்தான் பார்ப்பேன். மத்தவங்க திரும்பிக்கட்டும்."

"நீங்களும் பாதிக் கண்ணாலதான் பார்க்கணும்."

எல்லோரும் திரும்பி நின்றார்கள். மாப்பிள்ளை உட்கார்ந்தபடியே திரும்பினார். சங்கத்துக்காரர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். எழுந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"கொஞ்சம் வித்தியாசம் இருக்கு."

"எந்தப் பக்கம்?"

"அதைச் சொன்னா எடையைச் சொன்ன மாதிரி ஆயிடும்." மறுபடியும் கனைத்தார். "கைப்பையை இங்கயே விட்டுட்டுப் போங்க. செருப்பையும்."

முதுகைக் காட்டி நின்றவர்களில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். "யாருன்னு தெரியும்" என்றார் அத்தை, திரும்பிப் பார்க்காமலே. கைப்பையை மாப்பிள்ளையின் மடியில் வைத்தார். செருப்பை அதன்மேல் வைத்தார். மறுபடி ஏறி, மறுபடி இறங்கினார். சங்கத்துக்காரர் சரி என்று தலையை ஆட்டினார்.

"பெல்ட் போட்டாச்சாம்மா?" என்றாள் பல்லி.

"இத்தனை வருஷம் அதை நான்தான் மத்தவங்களைக் கேட்டேன். போட்டாச்சு. கிளம்பு."

கதவு இறங்கியது. கார் நின்ற இடத்தில் வெறும் புழுதி மட்டும் இருந்தது. சத்தம் பிறகுதான் வந்தது.

மாப்பிள்ளை கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கருவியைக் காதோடு ஒட்டவைத்தார். உதடு முணுமுணுத்தது. முன் அச்சு, பின் அச்சு, எரிபொருள் குழாய். உள்ளே இருப்பது அத்தை என்றதும் ஒவ்வொரு பாகமும் அவருக்கு இரண்டு தரம் ஞாபகம் வந்தது. கருவியில் காற்று இரைந்தது. பல்லி எண்களைச் சொல்லிக்கொண்டே போனாள். நானூறு. நானூற்று ஐம்பது. நானூற்றுத் தொண்ணூறு. அத்தையின் சத்தமே இல்லை.

"அத்தை?" என்றார் மாப்பிள்ளை. "அத்தை, ஏதாவது பேசுங்க. பல்லி, அவங்க மூச்சு விடறாங்களா பாரு!"

"ஐந்நூறு" என்றாள் பல்லி. "ஐந்நூற்று ஆறு."

அப்போது அத்தையின் குரல் வந்தது. காய்கறிக் கடையில் நின்று கேட்பது போல, நிதானமாக.

"ஏம்மா, இதுக்குமேல போகாதா?"

சங்கத்துக்காரர் தன் வேகமானியைப் பார்த்தார், கூட்டினார், பாதியாக்கினார், "ஐந்நூற்று நாலு. சாதனைதான்" என்று மாப்பிள்ளையின் பக்கம் குனிந்து கையை நீட்டினார். மாப்பிள்ளை குலுக்குவதற்குக் கையைத் தேடினார். ஒரு கையில் கைப்பை, ஒரு கையில் செருப்பு. செருப்போடேயே குலுக்கினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, வாய் சிரித்தது.

கருவியில் மனைவியின் குரல் கேட்டது. பின்னால் பட்டறையே கத்திக்கொண்டிருந்தது.

"என்னங்க, அம்மா இறங்க மாட்டேங்கறாங்க. வேகம் பத்தலையாம். என்ன பதில் சொல்லட்டும்?"

மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சினார்.

"அடுத்த மாடல்ல பார்க்கலாம்னு சொல்லு. ஆனா அதுல நான் உக்கார வேண்டாம்னு அவங்ககிட்ட இப்பவே எழுதி வாங்கிக்கோ."